அம்மாவைப் பேச விடுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 57. ஆறு வருஷமாக உடம்பெல்லாம் வலி. சுகர், பிரஷர், தைராய்டு மூன்றும் உண்டு. திருமங்கலத்தில் ஆரம்பித்து மதுரையில் எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், சுகர் டாக்டர் என்று பார்க்காத ஆள் இல்லை. முதுகுக்கு எம்.ஆர்.ஐ. இரண்டு தடவை எடுத்தாச்சு. ஒருத்தர் தேய்மானம் என்கிறார், ஒருத்தர் நரம்பு என்கிறார், ஒருத்தர் எல்லாம் மனசு என்கிறார். அம்மாவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது என்பதால் எல்லா இடத்திலும் நானேதான் பேசுகிறேன். மதுரையில் இதற்குச் சரியான டாக்டர் யார்?
- ஒரு மகன், திருமங்கலம்

பதில்: தம்பி, டாக்டர் பெயர் கேட்டு எனக்குக் கடிதம் வராத வாரமே கிடையாது. பெயர் சொல்லப் போவதில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்: “அம்மாவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.”

யார் சொன்னது? வீட்டு வரவு செலவையும் சீட்டுப் பணத்தையும் மனக்கணக்கிலேயே வைத்துக் குடும்பத்தை ஓட்டியவருக்குத் தன் உடம்பைப் பற்றிச் சொல்லத் தெரியாதா? அவர் அவருக்கு வந்த மாதிரி சொல்வார். “அன்னைக்கு மாவாட்டிக்கிட்டு இருந்தேன், குண்டாவைத் தூக்குனா கை பிடிக்கவே இல்ல”ன்னு ஆரம்பிப்பார். உடனே நீங்கள் “அதெல்லாம் எதுக்கும்மா, டாக்டருக்கு நேரமில்ல” என்று குறுக்கே விழுந்து “உடம்பெல்லாம் வலி சார்” என்று ஃபைலை நீட்டியிருப்பீர்கள். எனக்கு எழுதிய கடிதத்திலும் அதையேதான் செய்திருக்கிறீர்கள். ஸ்கேன் இருக்கிறது, டாக்டர்கள் வரிசையாக இருக்கிறார்கள். எந்த மூட்டு, எந்த நேரம், ராத்திரி தூங்குகிறாரா, ஒன்றுமே இல்லை.

அந்த மாவு குண்டாவில்தான் விஷயமே இருக்கிறது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் அரை மணி, ஒரு மணி நேரம் இறுகிக் கிடந்து, வேலை செய்யச் செய்ய இளகினால் அது முடக்குவாதம் மாதிரியான மூட்டு நோயாக இருக்கலாம். நடக்க நடக்க வலி ஏறி, உட்கார்ந்தால் அடங்கினால் தேய்மானத்தின் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியமே வேறு. காலையில் கை மடங்குகிறதா இல்லையா என்பதை முதுகு எம்.ஆர்.ஐ. எத்தனை தடவை எடுத்தாலும் சொல்லாது. சிக்குன்குனியா மாதிரி ஏதாவது காய்ச்சலுக்குப் பிறகுதான் இது தொடங்கியதா என்பதும் அம்மாவுக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சிறுநீர் கசிவதையோ, மாதவிடாய் நின்றதிலிருந்து படும் பாட்டையோ எந்தத் தாய் வாய் திறந்து சொல்வாள்? வலி தாங்காமல் மெடிக்கலில் பொட்டலமாக வாங்கிப் போட்ட மாத்திரையை, நீங்கள் சத்தம் போடுவீர்கள் என்று மறைத்திருந்தால்? அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். அது சுகரை ஏற்றும், எலும்பின் வலுவைக் குறைக்கும், பல நாள் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. சாதாரண வலி மாத்திரைகளில் பலவுமே சுகர், பிரஷர் உள்ளவர்களின் கிட்னியைக் கெடுத்துவிடக்கூடும். இது எதுவும் தெரியாமல் ஒவ்வொரு டாக்டரும் தன் பங்குக்கு ஒரு மாத்திரையை எழுதிக்கொண்டே போகிறார்.

பெற்றவளுக்குச் செலவு செய்வதோடு மகன் கடமை தீர்ந்துவிடாது. உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்பதும் கடமைதான், எனக்கு அதுதான் முதல் கடமை.

சரி, யாரிடம் போவது என்று கேட்டீர்கள். எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர் எல்லாம் பார்த்தீர்கள், மூட்டுவாதத்துக்கென்றே படித்த ருமட்டாலஜி டாக்டரிடம் போனதாக எழுதவே இல்லையே? நம் மதுரை பெரியாஸ்பத்திரியிலேயே, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, எந்தக் கிழமை ஓ.பி. என்று விசாரித்துப் போங்கள். அது போக, சுகர், பிரஷர், தைராய்டு, வலி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு பொது மருத்துவர் நிரந்தரமாக வேண்டும், யார் எந்த மாத்திரை எழுதினாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாரா, விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டும் செய்கிறவரை விட்டுவிடாதீர்கள். முடக்குவாதத்துக்கு எடுக்கிற ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் முடக்குவாதம் இல்லை என்று ஆகிவிடாது. ரத்தம், ஸ்கேன் எல்லாம் சுத்தமாக இருந்தும் உடம்பு முழுக்க வலிக்கிற ஃபைப்ரோமயால்ஜியா என்று ஒன்று இருக்கிறது, அந்த வலி நிஜமான வலி. தைராய்டு கட்டுப்படாமல் இருந்தாலும் உடம்பு வலிக்கும். அதனால் “மனசு” என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்.

வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், மெடிக்கல் பொட்டலம், லேகியம் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். சகோதரியோ சித்தியோ இருந்தால் துணைக்கு அழைத்துப் போங்கள். டாக்டர் அறைக்குள் அம்மாவும் துணைக்கு வந்தவரும் போகட்டும், நீங்கள் பைக்கை நிறுத்திவிட்டு வெளியே இருங்கள். கடைசியில் உள்ளே போய் மருந்து விவரம் மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.

முடக்குவாதம் என்று உறுதியானால் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் எழுதுவார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை அது. தெரியாமல் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதை டாக்டரிடம் கேட்டு அம்மாவே முடிவு செய்யட்டும், காலண்டரில் அவரே குறித்துக்கொள்ளட்டும்.