கிளை அஞ்சலகம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கிராமத்துத் தபால் ஆபீஸ் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன். நகரத்துப் பார்சல் தகராறுகளை என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

திருச்சுழி: எங்கள் ஊர்க் கிளை மதியமே பூட்டிக்கிடக்கிறதே?

கிளைக்கு நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம்தான் வேலை. அந்த நேரத்திலும் பூட்டியிருந்தால் உட்கோட்ட அஞ்சல் ஆய்வாளருக்கு எழுதுங்கள்.

கல்வராயன்மலை: பின்கோடு சரியாக எழுதியும் கடிதம் பக்கத்து ஊருக்குப் போகிறது.

பின்கோடு 1972-இல் வந்தது. அதன் கடைசி மூன்று இலக்கம் பட்டுவாடா செய்யும் அலுவலகத்தைக் குறிக்கும். பெரும்பாலும் அது உங்கள் கிளையைக் குறிக்காது. அதற்குத் தபால் பை அனுப்பும் துணை அஞ்சலகத்தைத்தான் குறிக்கும். அதன் கீழுள்ள பத்துப் பதினைந்து ஊர்களுக்கும் ஒரே எண். ஆகவே ஊர்ப் பெயருக்குக் கீழே கிளை அஞ்சலகத்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். எண் மட்டும் போதும் என்று நினைக்கிறவர்களின் கடிதங்கள்தான் ஊர் சுற்றுகின்றன.

மணப்பாறை: ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) பாஸ்புக்கைப் போஸ்ட்மாஸ்டரிடமே விட்டுவைக்கலாமா?

கூடாது. அவர் உங்கள் சொந்த மாமாவாக இருந்தாலும் கூடாது. கட்டிய பணத்துக்குக் கையடக்கக் கருவி அச்சிடும் ரசீதை அங்கேயே வாங்குங்கள். பதிவுக்காகப் பாஸ்புக்கைக் கொடுத்தால் அதற்கும் ரசீது உண்டு.

பரமக்குடி: டாக் சேவக் (கிளைப் போஸ்ட்மாஸ்டர் போன்ற கிராமத் தபால் ஊழியர்) வேலைக்குத் தேர்வு உண்டா?

இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான். விண்ணப்பக் கட்டணம் தவிர ஒரு காசு கேட்கிறவன் தரகன்.

ஒட்டன்சத்திரம்: கிளைப் போஸ்ட்மாஸ்டர் பகுதிநேர ஆள்தானே? அவரை அரசு ஊழியர் மாதிரி ஏன் தூக்கிவைத்துப் பேச வேண்டும்?

1977-இல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படியுங்கள். அன்று ‘இலாகா சாராதவர்’ என்று அழைக்கப்பட்ட இவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர், அரசின் கீழ்ப் பதவி வகிப்பவர்கள், விசாரணையின்றி நீக்க முடியாது என்றது தீர்ப்பு.

அதே ஒட்டன்சத்திரம்: அப்படியானால் பென்ஷன் எங்கே?

இதுதான் சரியான கேள்வி. இவர்களுக்கு விதிகளே தனி. வாழ்வதற்கு வேறு வருமானம் இருக்க வேண்டும் என்பது பணியின் நிபந்தனை. அலுவலகத்துக்கு இடமும் போஸ்ட்மாஸ்டரே பார்த்துத் தர வேண்டும். அதனால்தான் பல ஊர்களில் தபால் ஆபீஸ் அவர் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. நான்கு அல்லது ஐந்து மணி நேர வேலை என்கிற கணக்கில் சம்பளம். 65 வயதில் ஓய்வு. வழக்கமான அரசு ஓய்வூதியம் கிடையாது. 2018-இல் ஊதியம் உயர்ந்தது, அதுவும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. பதவி உண்டு, பென்ஷன் இல்லை என்பது எனக்கும் நியாயமாகப் படவில்லை.

சங்கரன்கோவில்: நானும் அதைத்தான் சொல்கிறேன், பகுதிநேரம்!

ஐயா, கையெழுத்து வாங்க ஆள் வீட்டில் இல்லையென்று வயல்வரை போய்வருகிறவரிடம் கடிகாரத்தைக் காட்டிப் பேசிப்பாருங்கள். இதோடு இந்தப் பேச்சை நிறுத்துகிறேன்.

அரூர்: பதிவுத் தபால் ஒழிந்துவிட்டதா?

2025-இல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது. உரியவர் கையில்தான் சேர வேண்டுமென்றால் விரைவு அஞ்சல் அனுப்பும்போதே ‘பதிவு’ என்று கேளுங்கள்.

வேதாரண்யம்: வேறு வங்கியிலுள்ள பணத்தைப் பாட்டி தபால்காரரிடம் எடுக்கலாமா?

ஆதார் இணைந்திருந்தால், இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கருவியில் ரேகை வைத்து எடுக்கலாம். தொகையைக் கேட்டுக்கொண்ட பிறகே விரல் வைக்கச் சொல்லுங்கள். ரசீது! ரசீது!

கம்பம்: டாக் சேவக் வேலைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பரமக்குடிக்கு எழுதியதைப் படியுங்கள்.

செய்யாறு: டாக் சேவக் தேர்வுக்குப் புத்தகம்…

பரமக்குடி.