நெடுஞ்சாலைக்குப் புதுத் தார் போடும்போது போக்குவரத்தைத் திட்டம் போட்டுத்தான் திருப்பிவிடுகிறார்களா?

கேட்டவர் எங்கோ பஸ்ஸில் ஒரு மணி நேரம் வெந்துவிட்டு வந்து இதைத் தட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். திட்டம் போட்டுத்தான் செய்கிறார்கள். அப்படி ஒரு திட்டத்தை வரைந்து கொடுத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு காரைக்குடிப் பக்கம் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். டிப்ளமோதான். 'நீ என்ன பெரிய என்ஜினியரா' என்று கேட்க வருகிறவர்களுக்காக முன்பே சொல்லிவிடுகிறேன். நகரத்தார் ஊர் ஒன்றின் நடுவே போகும் சாலை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு 40 மில்லிமீட்டர் கனத்துக்குப் புதிதாகப் போட வேண்டும்.

வேலைக்கு முன்னால் 7 நாள், 24 மணி நேரமும் வண்டி எண்ணுவார்கள். ரோட்டில் அடைக்கும் இடத்தை வைத்துக் காருக்கு 1, பைக்குக்கு அரை, பஸ் லாரிக்கு 3 என்று கணக்கு. நாங்கள் எண்ணியது மார்கழியில். அந்த ஊரில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும், மார்கழியில் முகூர்த்தமும் இல்லை. ரோட்டில் ஈ காக்கை இல்லை. நான் வரைந்தது இதுதான்: சாலையின் ஒரு பாதியில் வேலை, மறு பாதியில் கொடி காட்டிக் காரையும் பைக்கையும் மாறி மாறி விடுவது, பஸ்ஸும் லாரியும் ஊருணிக் கரையைச் சுற்றிப் பின்தெரு வழியாகப் போவது. பின்தெருவை டேப் பிடித்து அளந்தும் பார்த்தேன். பஸ் தாராளமாகப் போகும்.

வேலை தொடங்கியது தை பிறந்த பிறகு. முதல் முகூர்த்தத்தன்று காலையில் போய்ப் பார்த்தால் பின்தெருவை அடைத்துக் கல்யாணக் கொட்டகை. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்களின் கார்கள் இரண்டு பக்கமும். நடுவில் இரண்டு பஸ், முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. போதாததற்குத் தைப்பூசம் நெருங்குகிறது, பழனிக்கு நடக்கிறவர்கள் வெறுங்காலோடு வருகிறார்கள். சுரண்டிய சாலை தேங்காய்த் துருவி மாதிரி இருக்கும், அதில் எப்படி நடக்கச் சொல்வது? அவர்களைத் திறந்திருந்த பாதியில் விட்டோம். காரும் பைக்கும் நின்றன.

எங்கள் டிப்பரும் அதில்தான் மாட்டியது. தாரும் ஜல்லியும் சேர்ந்த கலவை, பிளான்டிலிருந்து 150 டிகிரி வாக்கில் கிளம்பும். 100 டிகிரிக்குக் கீழே ஆறிவிட்டால் ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் சரியாக அமுங்காது. இரண்டு லோடு திரும்பிப் போனது. அதில் கொஞ்சத்தை என் சம்பளத்தில் பிடித்தார்கள், அது வேறு கதை.

கல்யாண வீட்டு ஆச்சி வாசலுக்கு வந்தார். "வண்டி கம்மின்னு எண்ணிப் பார்த்துட்டுத்தான் செஞ்சோம் ஆச்சி" என்றேன்.

"எப்ப எண்ணுனீக?"

"மார்கழியில."

"ஏன் தம்பி, இத்தனை பேரு இருக்கீக, ஒருத்தருக்குமா பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது?" என்றவர், பஸ்ஸில் இருந்தவர்களைப் பந்திக்குக் கூப்பிடச் சொல்லி உள்ளே ஆள் அனுப்பினார். நான் போகவில்லை.

'அப்படியானால் எப்போதுதான் போடுவது' என்று துறை ஆட்கள் கேட்பீர்கள். நியாயம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை, ஈரத்தில் தார் ஒட்டாது. ஆனால் ஆடி இருக்கிறதே? முகூர்த்தம் கிடையாது, வெயிலும் உண்டு. அம்மன் கோயில் திருவிழாவை மட்டும் ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டால் போதும். நடப்பது என்னவென்றால், வேலையைத் தொடங்கச் சொல்லும் உத்தரவு தாமதமாக வரும், மார்ச் 31-க்குள் பில் போட வேண்டும், எல்லாம் தை மாசியில் வந்து விழும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலரே உத்தரவு போட்டார். அதற்கு முன்பே தேவகோட்டைப் பக்கம் என் அம்மா வீட்டுத் தெருவில் தார் மேல் தாராக ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கால வீடு, முற்றத்து மழைத் தண்ணீர் வாசல் வழியாக இறங்கித் தெருவோடு ஊருணிக்குப் போகும்படி கட்டியது. இப்போது தெரு மேலே, முற்றம் கீழே. வாசலில் மூன்று படி இருந்தது, இப்போது ஒன்றுதான். ஐப்பசி பிறந்தால் அம்மா வாசலுக்கு மணல் மூட்டை கேட்டு எனக்குத்தான் போன் போடுகிறார், 'நீ ரோடு போடுறவன்தானே' என்று.