டைனமோவில் சுற்றிய கசெற்

அன்புள்ள அண்ணை,

நீங்கள் அடிக்கடி சொல்லும், 'த கிளாஷ்' என்ற ஆங்கில ராக் குழுவின் 'லண்டன் காலிங்' இசைத்தொகுப்பை இரண்டு முறை முழுதாகக் கேட்டேன். முதல் பாட்டு பிடித்தது. அப்புறம் ஜாஸ், ஜமைக்காக்காரரின் ரெகே, ஸ்கா என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுக்கிறது. ராக் குழு என்றால் ராக் வாசிக்க வேண்டாமா? 19 பாட்டில் பாதியை வெட்டியிருக்கலாம்.

ஒரு வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

எந்தப் பாதி என்று சொல்லியிருந்தால் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும்.

நான் அதைக் கேட்டது 1997 வாக்கில், போர்க்கால வன்னியில், மல்லாவியில். லண்டன் மாமா முன்பு எப்போதோ பதிந்து அனுப்பிய கசெற், யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்தபோது உடுப்புப் பைக்குள் கிடந்து வந்தது. கரண்ட் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வயர் கொழுவிப் பாட்டுக் கேட்போம். கை சோர்ந்தால் பாடகர் கிழவனாவார். இரண்டாவது பாட்டு, 'பிராண்ட் நியூ கடிலாக்', போகப் போக வேகம் எடுக்கும். "மெதுவாச் சுத்தடா" என்று மச்சானுக்கு ஒவ்வொரு முறையும் ஏச்சு விழும். கன வருசம் கழித்து சீடியில் கேட்டால் அங்கேயும் வேகம் எடுக்கிறது! ஒலிப்பதிவிலேயே குழு அப்படித்தான் வாசித்திருக்கிறது. டிரம்மர் டாப்பர் ஹெடன் திரும்ப வாசிப்போம் என்று கேட்டாராம். ராக் அண்ட் ரோல் என்றால் வேகம் கூடத்தான் செய்யும் என்று தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் மறுத்துவிட்டார். மச்சானிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சரி, உங்கள் கேள்வி. 'த கிளாஷ்' பங்க் என்ற முரட்டு வேக ராக் வாசிக்கும் குழுவாகத் தொடங்கியது. இந்தத் தொகுப்பு வந்தது 1979 டிசம்பரில். கடையில் சாமான் பொறுக்குவதுபோல அவர்கள் இசைகளைப் பொறுக்கவில்லை. அடித்தொனி தரும் பேஸ் கிற்றாரை வாசித்த பால் சிமனன் லண்டனின் பிரிக்ஸ்டனில் வளர்ந்தவர். கரீபியனில் இருந்து வந்தவர்கள் நிறையக் குடியேறிய பகுதி அது. ரெகே அவருக்கு அயல்வீட்டுச் சத்தம். அவரே எழுதிப் பாடிய 'த கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்' பாட்டில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள். பாட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது அதுதான். கிற்றார் இடையிடையே வெட்டிவிட்டுப் போகும். முள்ளியவளைக்காரர் ஒருவர் கோவலன் கூத்துப் பாட்டையும் இளையராஜாவையும் ஒரே வாயால் முணுமுணுத்தால் அதைக் கலப்படம் என்போமா?

எல்லாப் பாட்டும் திறம் என்று சொல்ல வரவில்லை. 'லவர்ஸ் ராக்' எனக்கும் அலுப்பு. வெட்டுவதென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதில் கைவைக்க விடமாட்டேன்.

தலைப்பைப் பற்றி ஒன்று. உலகப் போர்க்காலத்தில் பிபிசி வானொலி தன்னை அறிவித்த வாசகம் அது. அப்போது எங்களுக்கு இது தெரியாது. இரவில் பிபிசியின் தமிழ்ச் செய்தி நிகழ்ச்சியான தமிழோசைக்கு நேரமானதும் கசெற்றை நிறுத்திவிட்டு, அதே டைனமோவில் றேடியோவைக் கொழுவி லண்டனைப் பிடிப்போம். செய்திக்குச் சுற்றுவது மட்டும் எப்போதும் அப்பாதான். எங்கள் கையில் அவருக்கு நம்பிக்கை இல்லை.