மடிப்புக்குள் இருக்கும் மஞ்சள்

வணக்கம் சார்,

உடை வடிவமைப்பு படிக்கிறேன். இறுதியாண்டுக்குப் பத்து உடைகள் செய்ய வேண்டும். 'என் சிறுவயது' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். ஆறு வயதில் கழற்றவே மாட்டேன் என்று நான் அடம்பிடித்த மஞ்சள் கவுன் ஒன்று உண்டு. அதிலிருந்து தொடங்கலாம் என்று போன மாதம் அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்தேன். வெளிறிப்போய், மஞ்சள் என்றே சொல்ல முடியவில்லை. இதையா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று ஆகிவிட்டது. கவுனில் இருக்கும் நிறத்தை எடுப்பதா, மனதில் இருப்பதையா? பம்பரம், பட்டம், கிரேயான் என்று படங்களை அச்சிட்டால் போதும் என்கிறாள் தோழி.

மீரா

அன்புள்ள மீரா,

முதலில் அந்தக் கவுனின் கீழ்மடிப்பில் இரண்டு விரற்கடை தையலைப் பிரியுங்கள். வளரும் பிள்ளை என்று நிறையத் துணி விட்டுத்தான் மடித்திருப்பார்கள். சாயத்தை வெளுக்க வைப்பதில் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. மடிப்புக்குள் அது எட்டியிருக்காது. பழைய திரைச்சீலைகளின் அசல் நிறத்தை அவற்றின் பின்புறத்தில் தேடுவதும் இதனால்தான்.

ஆனால் அந்த மஞ்சளும் உங்களை ஏமாற்றும் என்றே நினைக்கிறேன். நினைவிலிருந்து ஒரு நிறத்தை எடுத்துக்காட்டச் சொன்னால் பெரும்பாலும் அசலைவிடச் செறிவானதையே எடுக்கிறோம், சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், மனதில் இருக்கும் மஞ்சளையே எடுங்கள். கவுன் சாட்சி மட்டும்தான்.

அதற்காகச் சாயத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் சோகையாகத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுக்கின்றன என்று கண்டுபிடித்தார். 1839இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். உங்கள் மஞ்சளுக்கும் அதே வைத்தியம்தான்: பக்கத்தில் ஊதாவை வையுங்கள், மஞ்சள் எழுந்து நிற்கும். பட்டை ஒரு விரல் அகலமாவது இருக்கட்டும். நூல்நூலாகக் கலந்து வைத்தால் தள்ளி நின்று பார்க்கும்போது இரண்டும் சேர்ந்து சாம்பல் பூத்துவிடும். மாதிரித்துணியில் நீங்களே இரண்டையும் செய்து, பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கள்.

உங்கள் தோழி சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பட்டத்தை அச்சிட்டால் பட்டப் படம் போட்ட சட்டைதான் கிடைக்கும். குழந்தைகள் பிரிவில் அது ஏற்கெனவே தொங்குகிறது. பட்டத்தில் நமக்குப் பிடித்தது தாளுக்குப் பின்னாலிருந்து வந்த வெளிச்சம். கோலிக்குண்டைக் கண்ணருகே வைத்துப் பார்ப்போமே, பலூனை வெயிலில் தூக்கிப் பிடிப்போமே, எல்லாம் அதே சங்கதிதான். கெட்டித்துணி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புமே தவிர உள்ளே விடாது. ஆர்கன்சா என்ற மெல்லிய, வெளிச்சம் ஊடுருவும் துணியை இரண்டு அடுக்காக, வேறு வேறு நிறத்தில் போட்டுப் பாருங்கள். நடக்கும்போது ஓரிடத்தில் இரண்டும் சேரும், ஓரிடத்தில் பிரியும். பட்டம் தானாக வந்துவிடும்.

சோனியா டெலோனே என்ற ஓவியரின் கதையும் உங்களுக்கு உதவும். உக்ரைனில் பிறந்தவர், சிறுமியாக இருக்கும்போதே அங்கிருந்து போய்விட்டார். 1911இல், பாரிஸில், பிறந்த மகனுக்காகத் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தார். உக்ரைன் குடியானவர் வீடுகளில் பார்த்த மாதிரி. அதில் வீடும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் துண்டுகள். இரண்டு வருடம் கழித்து அதே ஒட்டுவேலையில் தனக்கு ஓர் உடையே செய்துகொண்டார். ஊரிலிருந்து அவர் எடுத்துவந்தது எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்கிற கணக்கை மட்டும்தான்.

பத்து உடையிலும் மஞ்சள் வரவேண்டும் என்றில்லை. மூன்றில் வந்தால் போதும், மிச்சம் ஏழும் அதற்காகக் காத்திருக்கட்டும்.

பிரித்த மடிப்பைத் திரும்பத் தைத்து, கவுனைப் பழையபடி பெட்டியில் வைத்துவிடுங்கள். அம்மாவுக்குத் தெரியவேண்டாம்.