'சிங்கிங் இன் த ரெயின்' பாட்டு இலவசம்தான், முன்னால் வரும் முனகல் இலவசம் இல்லை

கேள்வி: அமெரிக்காவில் குறும்படம் எடுக்கிறேன். 'சிங்கிங் இன் த ரெயின்' பாட்டை நாயகன் பாட வேண்டும். 'உரிமை தீர்ந்த பாட்டு, சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன்' என்று ஓர் ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உரிமை தீர்ந்ததற்குச் சான்றிதழ் தரும் அலுவலகமே அங்கே கிடையாது. அவர் தரப்போவது லெட்டர்பேடில் அடித்த காகிதம். ஊருக்குப் பொதுவாகிவிட்ட பாட்டுக்குக் காசு கேட்க அவர் யார்?

1952-ல் ஜீன் கெல்லி குடையோடு ஆடிய படத்தின் பாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆர்தர் ஃப்ரீட் எழுதி, நேசியோ ஹெர்ப் பிரவுன் மெட்டமைத்த அது, எம்ஜிஎம்மின் 1929 படத்திலேயே வந்துவிட்டது. பின்னாளில் அதே ஸ்டுடியோவில் தயாரிப்பாளரான ஃப்ரீட், தங்கள் பழைய பாட்டுகளைக் கோத்து 1952 படத்தை எடுத்தார். 1929 பாட்டுக்கு அமெரிக்கச் சட்டம் தரும் 95 ஆண்டு உரிமை 2024 டிசம்பரோடு முடிந்தது.

இது வரிக்கும் மெட்டுக்கும் மட்டும். 1929 ஒலிப்பதிவுக்கு 100 ஆண்டு, அதாவது 2029 முடியும்வரை. 1952 படத்தின் காட்சிக்கும் ஒலிக்கும் 2047 முடியும்வரை. ஒரே பாட்டுக்கு மூன்று காலாவதி! சட்டத்தை இப்படி வைத்திருப்பதால்தான் ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள்.

ஆகவே புதிதாகப் பாடிப் பதியுங்கள். பதிவின் உரிமை உங்களுக்கே என்று பாடகரிடமும் வாசிப்பவர்களிடமும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. பாடத் தொடங்குமுன் கெல்லி 'டூ-டி-டூ-டூ' என்று முனகுவார். அது 1952 படத்துக்காக இசையமைப்பாளர் ராஜர் ஈடன்ஸ் சேர்த்தது, 1929 பாட்டில் கிடையாது. உங்கள் பாடகர் பழக்கதோஷத்தில் அதை முனகினாலும், கீபோர்டுக்காரர் பின்னணியில் வாசித்தாலும், உரிமை தீராத துண்டு உங்கள் பதிவுக்குள் வந்துவிடும். யூடியூப்பில் கேட்டுப் பழகவே வேண்டாம். 1929-ல் அச்சான இசைத்தாளைத் தேடி எடுத்து, அதில் உள்ளதை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். தாளின் அடியில் ஆண்டு இருக்கும், ரோமன் எண்ணிலும் இருக்கலாம். பிற்கால மறுபதிப்பு வேண்டாம், அதில் பின்னாளில் வேறொருவர் செய்த புது அரேஞ்ச்மென்ட் கலந்திருக்கலாம்.

யூடியூப்பில் ஏற்றியதும் யாராவது உரிமை கோரலாம். பயந்து காசு கட்டாதீர்கள். பாட்டு 1929, பதிவு சொந்தம் என்று எழுதி டிஸ்ப்யூட் போடுங்கள். 30 நாளில் அவர்கள் பதில் தராவிட்டால் கோரிக்கை தானே விழுந்துவிடும். பொதுவான பாட்டுக்கு நீங்கள் போய் நிரூபிக்க வேண்டியிருப்பது அநியாயம்தான்.

இந்தியாவில் திரையிடுவதென்றால் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டு என்பது கணக்கு, ஃப்ரீட் இறந்தது 1973-ல்.