கூலன்ட் குழாய்: காற்றுக்கும் வழி விடுங்கள்

கேள்வி: 1932 ஃபோர்டு ஹாட் ராடில் (மாற்றியமைத்த பழைய காரில்) கார்புரேட்டர் வி8-ஐ எடுத்துவிட்டு, ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 என்ஜினைப் பொருத்தியிருக்கிறேன். ஹீட்டர் கிடையாது. அதனால் ஹீட்டர் வாய்கள் இரண்டையும், ஹெட்டிலிருந்து (சிலிண்டர்களின் மேல்மூடியிலிருந்து) வரும் மெல்லிய குழாயையும் அடைத்துவிட்டேன். வெப்பமானி முள் தாவுகிறது, என்ஜினும் சீராக ஓடவில்லை. ஏன்?

பதில்: முதலில் அந்த மெல்லிய குழாயைத் திறந்துவிடுங்கள். ஹெட்டின் உச்சியில் சேரும் காற்றும் ஆவியும் வெளியேற வேறு வழியில்லை. ஹெட்களின் பின்பக்க ஆவி வாய்கள் அடைபட்டிருந்தால் கவலை வேண்டாம். பிற்கால எல்எஸ் என்ஜின்களில் அவை தொழிற்சாலையிலேயே அடைக்கப்பட்டு வந்தன. முன்பக்கக் குழாயை மட்டும் ரேடியேட்டரின் மேல்பகுதிக்கோ சர்ஜ் டேங்கின் (கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் தொட்டியின்) மேல்வாய்க்கோ கொண்டுபோங்கள். வழியெங்கும் ஏறுமுகமாகவே இருக்க வேண்டும். அழகுக்காக நடுவில் தாழ்த்தி வளைத்தால், அந்த வளைவின் முன் எழும் மேட்டில் காற்று தங்கிவிடும்.

முள் தாவுவதற்கும் ஓட்டம் கெடுவதற்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். கூலன்ட் சென்சார் ஹெட்டில் இருக்கிறது. அதன் முனையைத் திரவம் சூழாமல் ஆவி சூழ்ந்தால் அளவு பொய்யாகும். குறைவாகக் காட்டினால், என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நம்பி கணினி எரிபொருளைக் கூட்டும், மின்விசிறியையும் தாமதமாகவே ஓடவிடும். கார்புரேட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது சென்சாரைக் கேட்டு நடப்பதில்லை.

அடுத்தது ஹீட்டர் வாய்கள். பழைய செவ்ரோலெட் வி8-இல் தெர்மோஸ்டாட் (வெப்பத்துக்கேற்பத் திறக்கும் அடைப்பான்) கூலன்ட் வெளியேறும் வாயில் இருந்தது. எல்எஸ் வரிசையிலோ, 1997-இல் கார்வெட்டில் வந்த எல்எஸ்1 முதலே, அது பம்ப்பின் உள்வாயில். சூடேறிய திரவம் அங்கே சுற்றி வந்தால்தான் அது சரியான நேரத்தில் திறக்கும். ஆகவே இரண்டு வாய்களையும் ஒரே ஹோஸால் வளையமாக இணைத்துவிடுங்கள். அடைத்தே ஓட்டுபவர்களும் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹாட் ராடில் ரேடியேட்டர் என்ஜினைவிடத் தாழ்ந்துவிடுவது சகஜம். அப்போது சர்ஜ் டேங்கே உச்சியில் நிற்க வேண்டும், அழுத்த மூடியும் அதில்தான் இருக்க வேண்டும். 15 பிஎஸ்ஐ மூடியும், ஆன்டிஃப்ரீஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவையும் இருந்தால் கொதிநிலை ஏறக்குறைய 129 டிகிரி செல்சியஸ்.

ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். அதன் சுவர் மெல்லியதாக இருந்தால் அதிவேகச் சுழற்சியில் உள்நோக்கி நசுங்கி ஒட்டிக்கொள்ளும். உள்ளே சுருள்கம்பி உள்ளதை வாங்குங்கள். என்ஜின் அசையும், சட்டம் அசையாது. எனவே பளபளக்கும் உலோகக் குழாய் போட்டாலும் இரு முனையிலும் ரப்பர் இணைப்பு வேண்டும். எக்ஸாஸ்ட் ஹெடருக்கு (புகை வெளியேறும் சூடான குழாய்க்கு) அருகே எந்த ஹோஸும் போகக் கூடாது. இடமே இல்லையென்றால் வெப்பத் தடுப்பு உறை போடுங்கள்.

நிரப்பும்போது காரின் மூக்கை உயர்த்தி வையுங்கள். ஓடி ஆறிய பிறகு மட்டத்தைப் பாருங்கள், கிளாம்ப்களை மீண்டும் இறுக்குங்கள். இதன் பிறகும் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹோஸைத் தொடாதீர்கள். ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சோதியுங்கள்.