மழையிலும் பனியிலும் கிடக்கும் பழைய மிசின்: உங்கள் கேள்விகள்

உரும்பிராயிலிருந்து: கொட்டில் இடிந்து, அப்புவின் லிஸ்ரர் இறைப்பு மிசின் (தண்ணீர் இறைக்கும் பழைய டீசல் எஞ்சின்) செம்பாட்டு மண்ணில் அரைவாசி புதைந்து கிடக்கிறது. இந்த மார்கழிக்குள் தூக்கலாமா?

பொங்கல் கழிந்து மண் இறுகட்டும். நனைந்த செம்பாட்டு மண்ணில் லொறியும் தாழும், பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி (செயின் புளொக்) கட்டும் முக்காலியும் சரியும். அதுவரை புகைக்குழாய் வாயைத் துணியால் அடைத்து, மேலே தகரம் போட்டுவிடுங்கள். தறப்பாளால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வேர்த்துத் துரு கூடும். தூக்கும்போது பிளைவீலின் (மிசினின் பெரிய சக்கரத்தின்) ஆரக்காலில் கொழுக்கியை மாட்டாதீர்கள். அலவாங்கால் நெம்பினால் சிலிண்டரில் முட்டுக் கொடுக்கவும் கூடாது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடைந்துவிடும்.

கரவெட்டியிலிருந்து: பிஸ்ரன் இறுகிவிட்டது. சம்மட்டியால் இரண்டு போடு போட்டால் வரும் என்கிறார் மெக்கானிக்.

தயவுசெய்து அடிக்க விடாதீர்கள். முதலில் இறுகியது பிஸ்ரன்தானா என்று பாருங்கள். பெல்ட்டைக் கழற்றியதும் பிளைவீல் சுழன்றால் கோளாறு பம்பில். பிஸ்ரன்தான் என்றால் ஹெட்டை (சிலிண்டரின் மேல் மூடியை) கழற்றி, டீசலும் ஒட்டோ கியர் வாகனங்களுக்கு விடும் ஒயிலும் (ATF) சமமாகக் கலந்து ஊற்றி ஊறவிடுங்கள். மட்டம் குறையக் குறைய நிரப்புங்கள். கிழமைக்கணக்கில் ஆகலாம். போர்க்கால எரிபொருள் தடைக் காலத்தில் கிடைத்ததையெல்லாம் ஊற்றி ஓட்டிய மிசின் என்றால் துருவோடு கரியும் பிடித்திருக்கக்கூடும், அது இன்னும் மெதுவாகத்தான் விடும். பிறகு பிளைவீலை இரண்டு பக்கமும் மாறி மாறி மெல்ல அசையுங்கள். ஒரு நூல் நகர்ந்தால் போதும், அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் விடுங்கள். அப்படியும் வராவிட்டால், சிலிண்டர் வாய்க்குச் சற்றுச் சிறிதாக வேப்பங்கட்டை கடைந்து பிஸ்ரன் மேல் வைத்து, ஜாக்கியால் சிறிது சிறிதாக அழுத்தலாம். நெருப்புக் காட்டும் யோசனையே வேண்டாம். பெயாரிங்கில் இருக்கும் வெள்ளை உலோகம் 240 பாகை செல்சியசுக்குக் கிட்டவே உருகத் தொடங்கும்.

ரொறன்ரோவிலிருந்து: மருமகன் ஒரு பண்ணையில் பனிக்குள் கிடக்கும் பெரிய மிசினை வாங்கியிருக்கிறார். சாவகச்சேரியில் மிசின் சத்தத்தோடு வளர்ந்த எனக்கே பனி புதிது. என்ன கவனிக்கவேண்டும்?

நல்ல கேள்வி. இங்கே மழை செய்வதை அங்கே உறைந்த தண்ணீர் செய்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். சிலிண்டரைச் சுற்றிய நீர் அறையில் தண்ணீரை விட்டுவைத்திருந்தால் சுவரே பிளந்திருக்கக்கூடும். காசு கொடுக்க முன்னரே பார்த்திருக்கவேண்டியது, சரி, இப்போதாவது பார்க்கட்டும். வெளிப்புறத்தைத் துப்பரவாக்கி மண்ணெண்ணெய் பூசி, துடைத்துவிட்டு, சோக்குத்தூள் தூவச் சொல்லுங்கள். வெடிப்பிருந்தால் அதற்குள் நின்ற எண்ணெய் ஊறி, தூளில் ஈரக்கோடாகத் தெரியும். வடிகுழாயைத் திறந்து ஒன்றும் வரவில்லை என்பதால் உள்ளே வெறுமை என்று எண்ணவும் கூடாது, ஐஸ் அடைத்திருக்கலாம்.

உறைந்த நிலம் பாரம் தாங்கும் என்பதால் இழுத்து எடுக்க அது நல்ல காலம்தான். ஆனால் மிசினின் அடித்தளம் நிலத்தோடு உறைந்து ஒட்டியிருந்தால் சடாரென்று இழுக்காமல் முதலில் விடுவிக்கவேண்டும். குளிர்ந்த வார்ப்பை ஓரிடத்தில் மட்டும் சூடாக்கினால் வெடிக்கும். மிசினைப் போர்த்திச் சூடான கராஜுக்குள் கொண்டுபோனதும் போர்வையை உரிக்காதீர்கள், குளிர் இரும்பில் ஈரம் படியும். இரும்பு சூடேறியபின் உரியுங்கள்.

வலிகாமம் வடக்கிலிருந்து: இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட எங்கள் காணியில் பற்றைக்குள் மிசின் தெரிகிறது.

கண்ணிவெடி அகற்றிய காணி என்று கிராம அலுவலரிடம் உறுதிசெய்யாமல் பற்றையை வெட்டவோ மண்ணைக் கிளறவோ வேண்டாம். சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். மிசின் எங்கேயும் போகாது.

சுன்னாகத்திலிருந்து: நீர் அறைக்குள் வெள்ளைக் கல்லாகப் படிந்திருக்கிறது.

நம் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு அது. வினாகிரியை ஊற்றி ஊறவைத்து, கரைந்ததை வடித்து, நன்றாகக் கழுவுங்கள். கடும் அசிட் இரும்பையும் தின்னும். இனிமேல் குளிர்விக்க மழைநீரைச் சேர்த்து ஊற்றுங்கள்.